வெள்ளை வைனும் வெள்ளிக்கிழமைச் சாப்பாடும்

விடுதிகளில் மேசைக்குப் பரிமாற வந்திருக்கும் தம்பி தங்கைமாருக்கு முதலில் ஒரு தைரியம் சொல்கிறேன். கூச்சம் இந்தத் தொழிலுக்குத் தடை இல்லை. நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைக்க எனக்கு இன்றைக்கும் வராது. அதனால் மேசையில் இருப்பவர்களின் கைகளையே பார்த்துப் பழகினேன். அது நல்லதாகப் போயிற்று. பசி, கோபம், சலிப்பு எல்லாம் முகத்துக்கு வருமுன் கைக்கு வந்துவிடும்.

போன வருடம் முழங்கால் இனி மடங்க மாட்டேன் என்றதும் வேலையை விட்டுவிட்டேன். கரண்டியை எந்தப் பக்கம் வைப்பது, துவாயை எப்படி மடிப்பது என்பதெல்லாம் உங்கள் மனேச்சர் சொல்லித் தருவார். அவர் சொல்லித் தராத ஒன்று இருக்கிறது. மேசையில் ஒருவர் உங்களிடம் நேராக ஒரு கேள்வி கேட்கிறார். மேசையில் உள்ள மற்ற எல்லோரும் நீங்கள் பொய் சொல்ல வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். அப்போது என்ன செய்வது?

தொண்டைமானாற்றில் கடலுக்குக் கிட்ட உள்ள ஒரு சிறிய விடுதியில்தான் நான் கடைசியாக வேலை செய்தேன். சமையலுக்கு உடுப்பிட்டிப் பவளக்கா. பரிமாற நான். ஒருமுறை பாரிசிலிருந்து ஒரு குடும்பம் வந்து தங்கியது. தகப்பன், தாய், மகள் அபிரா. மகள் கட்டப்போகிற பையன் பிரெஞ்சுக்காரன், பெயர் லூக். அவனையும் அவனுடைய தகப்பனையும் கூட்டி வந்திருந்தார்கள். லூக்கின் தகப்பன் பெரிய உருவம், சிரித்த முகம். சொந்தத் தோட்டத்தில் திராட்சை வைத்து வைன் செய்கிற மனிதர். அந்த வைனில் சில போத்தல்களைக் குழந்தையைக் கொண்டு வருவது போல உடுப்புக்குள் சுற்றிக் கொண்டு வந்திருந்தார்.

வந்த காரியம் ஒன்றே ஒன்று. அபிராவின் அப்பாவுக்கு ஒரு தமையன், புத்தூரில். தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்து, படிப்பித்து, வெளிநாட்டுக்கு அனுப்பி வைத்தவர். வீட்டில் எல்லோருக்கும் அவர் பெரியப்பா. அவர் இந்தக் கலியாணத்துக்கு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "ஆளைப் பாப்பம்" என்று மட்டும் சொல்லியிருந்தார். விடுதியில் ஒரு மத்தியானச் சாப்பாடு. சாப்பிட்டு முடிய அவர் பிள்ளைகளின் நெற்றியில் விபூதி பூசினால் கலியாணம் நடக்கும். இலையை விட்டு எழும்பிப் போனால் நடக்காது.

அதற்கு முதல்நாள் பின்னேரம் அபிரா குசினிக்குள் வந்தாள்.

"அங்கிள், ஒரு உதவி."

"சொல்லுங்கோ பிள்ளை."

"லூக்கின்ரை அப்பா தன்ரை வைனை நாளைக்குச் சாப்பாட்டோடை குடுக்க வேணும் எண்டு நிக்கிறார். அவையின்ரை வீட்டிலை அதுதான் மரியாதை. வேண்டாம் எண்டால் அவருக்கு முகத்திலை அடிச்ச மாதிரி இருக்கும்."

"குடுக்கலாமே. என்ன பிரச்சினை?"

"பெரியப்பா இருக்கிற மேசையிலை போத்தலைக் கண்டால் எழும்பிப் போயிடுவார். அவர் எழும்பினால் எங்கடை அப்பாவும் எழும்பிச் செருப்பைப் போட்டிடுவார். அப்பாவை எனக்குத் தெரியும்."

அப்பா அப்போது வெளியே நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் கட்டியிருந்த கைகள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன. மகள் சொன்னது சரி என்று எனக்கு விளங்கியது.

இதற்கிடையில் லூக்கின் தகப்பன் அன்று காலை மீன்வாடிப் பக்கம் போய்த் தானே பொறுக்கிய நண்டுகளை ஒரு கூடையில் கொண்டு வந்து பவளக்காவின் முன்னால் வைத்தார். எல்லாம் உயிர் நண்டு. தன் வைன் கடலுக்கு அருகே விளைவது, அதன் பெயர் மஸ்கடே, சிப்பி, மட்டி, நண்டு இவைதான் அதற்குச் சோடி என்று கையாலும் வாயாலும் சொன்னார். அபிரா மொழிபெயர்த்தாள்.

பவளக்கா கூடையைப் பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார்.

"பிள்ளை, நாளைக்கு என்ன கிழமை?"

அபிரா வாயைப் பொத்திக்கொண்டாள். பாரிசில் பிறந்த பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை என்றால் கந்தோர் வேலைக் கிழமையின் கடைசி நாள். புத்தூர்ப் பெரியப்பாவுக்கு அது சைவச் சாப்பாட்டு நாள். முட்டைகூட வீட்டுக்குள் வராது. இப்படியாக நண்டுகளுக்கு ஒரு நாள் ஆயுள் கூடியது. நான் அவற்றை ஈரச் சாக்கால் மூடிப் பின்பக்கம் வைத்தேன்.

இனி வைனுக்கு என்ன சோடி? அதைக் கண்டுபிடிக்கும் வேலை எனக்கும் பவளக்காவுக்கும் வந்தது. பவளக்கா குடிவகையை நாக்கில் வைக்காதவர். நான் குருநகரில் பிறந்த கத்தோலிக்கன், நத்தாருக்கும் பெருநாளுக்கும் நாக்குப் பழகியவன். ஆகவே கறி அவருடையது, நாக்கு என்னுடையது என்று முடிவாயிற்று. லூக்கின் தகப்பன் ருசி பார்க்க ஒரு போத்தலைத் திறந்து தந்தார்.

"சூசை, உது உங்கடை கோயிலிலை குடுக்கிறதோ?"

"இல்லை அக்கா. அது இனிப்பு. அதுவும் சுவாமியாருக்குத்தான். எங்களுக்கு அப்பத்தோடை சரி."

"அப்ப உனக்கு இதைப்பற்றி என்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியாது. குடிச்சுத்தான் பாக்க வேணும்."

"நல்ல தொழில் கிடைச்சிருக்கு உனக்கு."

ஒரு வாய் குடித்தேன். நிறம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு வெளிறிய மஞ்சள். வாய்க்குள் போனதும் எலுமிச்சங்காய்த் தோலைக் கிள்ளிய மணம். பச்சை ஆப்பிளைக் கடித்தது போன்ற புளிப்பு. கடைசியில், கடலில் நின்று வந்தவன் உதட்டை நக்கினால் வருமே, அப்படி ஒரு மெல்லிய உப்பு. கனம் இல்லை. விழுங்கியதும் வாய் கழுவிவிட்டது போல ஆகி, அடுத்து ஏதாவது தின்னக் கேட்டது.

பவளக்கா முதலில் தன் பெருமையை வைத்தார். கத்தரிக்காய்க் குழம்பு. வறுத்த மிளகாய்த்தூள் போட்டுச் சிவக்கச் சிவக்கச் சமைத்தது. ஒரு துண்டு தின்று, ஒரு வாய் குடித்தேன். வைன் செத்தது. ஆணியை நக்கியது போல ஒரு கசப்பு, காரம் இரண்டு மடங்காகித் தொண்டையில் நின்றது.

"என்ன மாதிரி?"

"குழம்பு நல்லாயிருக்கு அக்கா."

"நான் கேட்டது ரண்டையும் சேர்த்து."

"ரண்டும் சேர்ந்து என்னை அடிக்குது."

அடுத்தது மாங்காய்ச் சம்பல். புளிப்பும் புளிப்பும் முட்டிக்கொண்டன. பாகற்காயால் கிட்டவே வர முடியவில்லை. பிறகு சொதி. தேங்காய்ப்பால், பச்சைமிளகாயை விதை தட்டிப் போட்டது, கடைசியில் தேசிக்காய், அதாவது எலுமிச்சை. ஒரு கரண்டி குடித்து, மேலே வைனைக் குடித்தேன். இரண்டும் முன்பே பழக்கம் போல ஒன்றோடொன்று கதைத்தன. பால் வைனின் புளிப்பைத் தாலாட்டியது, வைன் பாலின் கொழுப்பைத் துடைத்தது. உருளைக்கிழங்கு வெள்ளைக்கறி, சரி. உப்புத் தூவிய வாழைக்காய்ப் பொரியல், மிகச் சரி. சுடச்சுட உழுந்து வடையோடு அது நான் நினைத்தே பார்க்காத அளவுக்கு நன்றாக இருந்தது. வெள்ளரிக்காய் தயிர்ப்பச்சடியும் சேர்ந்தது.

பவளக்கா வரிசையாகத் தேறியவற்றைப் பார்த்தார். முகம் கறுத்தது.

"வெள்ளைக்கறி, சொதி, பச்சடி. உதெல்லாம் பத்தியக்காரருக்கு வைக்கிற சாப்பாடு. உந்த வைன் என்ன, பிள்ளை பெத்த பொம்பிளையோ?"

"ருசி அப்பிடித்தான் சொல்லுது அக்கா."

"சம்பந்தி வீட்டாருக்கு வருத்தக்காரச் சாப்பாடு போட்டனான் எண்டு ஊர் என்னைப் பற்றிக் கதைக்கும். தூள் போடாமல் ஒரு விருந்தோ?"

இது சின்ன விஷயம் இல்லை. எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்கு உறைப்புக் குறைத்துப் போடுவது, உனக்கு இவ்வளவுதான் என்று சொல்வதற்குச் சமம். மற்ற ஊர்களில் வைனுக்கு ஏற்றபடி கறியை மாற்றலாம். இங்கே கறியை மாற்றினால் மானம் போகும். நான் யோசித்து ஒரு வழி சொன்னேன். வடையும் பொரியலும் வெள்ளைக்கறியும் முதலில். சொதிச் சோறு இரண்டாவது. கத்தரிக்காய்க் குழம்பு கடைசியாக, வைன் முடிந்த பிறகு. பவளக்கா ஒத்துக்கொண்டார். "ஆனால் பெரியப்பாவின்ரை இலைக்குக் குழம்பு முதலே போகும். அந்த மனிசன் என்னைக் குறை சொல்லக் கூடாது" என்றார்.

சாப்பாடு ஒழுங்காகிவிட்டது. மிச்சம் இருந்தது பெரியப்பாவின் கண்.

அதற்கு அபிராவே ஒரு வழி கொண்டு வந்தாள். அது கருப்பநீர்க் காலம். மண்முட்டிக்குள் சுண்ணாம்பு பூசிப் பனையில் கட்டினால் இறங்குவது கருப்பநீர், பேச்சில் கருப்பணி. இனிப்பு, வெறிக்காது, விரதக்காரரும் குடிப்பார்கள். சுண்ணாம்பு இல்லாவிட்டால் அதே பனை, அதே முட்டி, இறங்குவது கள்.

"வைனைச் செம்பிலை விட்டு, சில்வர் தம்ளரிலை வார்த்துக் குடுங்கோ அங்கிள். பெரியப்பா கேட்டால் கருப்பணி எண்டு சொல்லுங்கோ. அவருக்கு மட்டும் உண்மையான கருப்பணி."

"பிள்ளை, மணம்?"

"அவருக்கு மூக்கடைப்பு."

செய்வேன் என்றும் செய்ய மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கூச்சக்காரனுக்கு அது ஒரு வசதி. பேசாமல் நின்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை காலை போத்தல்களை வலைப்பையில் போட்டுக் கிணற்றுக்குள் இறக்கினேன். குளிர்சாதனப் பெட்டியில் மீன் இருந்ததால் பவளக்கா அன்றைக்கு அதைத் திறக்க விடவில்லை. இரண்டு பித்தளைச் செம்பு எடுத்தேன். கருப்பநீர்ச் செம்பின் கழுத்தில் அடையாளத்துக்கு மல்லிகைச் சரம் சுற்றினேன். மற்றது மொட்டை.

பெரியப்பா வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, ஒடிசலான ஆள். எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் வழக்கம்போலக் கையைப் பார்த்தேன். விரல் நுனிகள் வெடித்திருந்தன. பெருவிரலில் பழைய வெட்டுத் தழும்பு. நகக்கண்ணில் கழுவினாலும் போகாத மண்.

எதிரே லூக்கின் தகப்பன். அவர் கையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதே வெடிப்பு, அதே மண், அதே பெருவிரலில் அதே தழும்பு. கொடி வெட்டுகிற கத்தி எந்த நாட்டிலும் அதே இடத்தில்தான் வழுக்கும் போலிருக்கிறது. ஏனென்றால் பெரியப்பாவும் தோட்டக்காரர். புத்தூரில் அவருக்கு முந்திரிகைப் பந்தல் இருந்தது. திராட்சையை எங்கள் ஊரில் முந்திரிகை என்போம்.

பூச்சுற்றிய செம்பிலிருந்து பெரியப்பாவுக்கு வார்த்தேன். மொட்டைச் செம்பிலிருந்து மற்றவர்களுக்கு வார்க்கத் தொடங்கினேன். லூக்கின் தகப்பன் தன் வைன் சில்வர் தம்ளரில் விழுவதைப் பார்த்துச் சற்றுத் திகைத்தார். பிறகு இது இந்த ஊர் முறை என்று நினைத்திருக்க வேண்டும், தலையாட்டினார். அபிரா எனக்குக் கண்ணால் நன்றி சொன்னாள்.

அப்போதுதான் அது நடந்தது. லூக்கின் தகப்பன் எழுந்து வந்து என் கையிலிருந்த செம்பை மெதுவாக வாங்கிக்கொண்டார். அவர்கள் வீட்டு வழக்கம் அப்படியாம். வைனைச் செய்தவன், மேசையில் மூத்தவருக்குத் தன் கையால் முதலில் வார்க்க வேண்டும். அவர் நேரே பெரியப்பாவிடம் போனார். லூக் பிரெஞ்சில் ஏதோ சொன்னான். அவர் கேட்கவில்லை. பெரியப்பா முன்னால் இருந்த தம்ளரில் இன்னும் பாதிக் கருப்பநீர் இருந்தது. வெறும் தம்ளர் ஒன்றை எடுத்து வைத்து, அதில் வைனை நிறைய வார்த்தார். வார்த்துவிட்டு, நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்து நின்றார்.

சம்பந்தியாக வரப்போகிறவர் தன் கையால் வார்த்ததை வேண்டாம் என்று தள்ளுவது எங்களிடமும் இல்லை. பெரியப்பா தம்ளரைப் பார்த்தார். மூக்கடைப்பு என்றாளே பிள்ளை, அது அன்றைக்கு இல்லை. அவருடைய மூக்கு இரண்டு முறை விரிந்து சுருங்கியதை நான்கூடக் கண்டேன்.

அவர் மற்ற யாரையும் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"தம்பி, உது என்ன, கருப்பணியோ?"

அபிராவின் அப்பாவின் கால், மேசைக்குக் கீழே செருப்பைத் தேடத் தொடங்கியது. அபிராவின் விரல்கள் இலையின் நுனியைக் கிழித்துக்கொண்டிருந்தன. ஓம் என்று சொன்னால் பொய். அவர் ஒரு வாய் குடித்ததும் வெளிவந்துவிடும், பிறகு அந்தக் குடும்பமே அவரை ஏமாற்றியது என்றாகும். இல்லை, வைன் என்றால் உண்மை. ஆனால் அவர் எழும்பித்தான் ஆக வேண்டும், வேறு வழி அவருக்கு இருக்காது. இரண்டு பதிலும் அவரை மூலைக்குள் தள்ளும். நான் அந்த இரண்டு சோடிக் கைகளையும் இன்னொருமுறை பார்த்தேன்.

"ஐயா, அவரின்ரை தோட்டத்திலை விளைஞ்சது. அவரே தன்ரை கையாலை செய்தது" என்றேன்.

பெரியப்பா லூக்கின் தகப்பனின் கையைப் பார்த்தார். தம்ளரைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார். தம்ளரை உயர்த்தி, தலையை அண்ணாந்து, உதட்டில் படாமல் மேலிருந்து வார்த்தார். ஒரே வீச்சு. துளி சிந்தவில்லை. கிண்ணத்தைச் சுழற்றி, மோந்து, சிறிது சிறிதாகக் குடிக்கிற நாட்டிலிருந்து வந்த மனிதர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

பெரியப்பா தம்ளரை வைத்தார். நாக்கை ஒருமுறை சப்புக்கொட்டினார்.

"முட்டிக்குச் சுண்ணாம்பு காணாது" என்றார்.

செருப்பைத் தேடிய கால் நின்றது.

"சுண்ணாம்பு காணாட்டிக் கருப்பணி இப்பிடித்தான் கொஞ்சம் புளிக்கும். அது அவரின்ரை பிழை இல்லை. முட்டி கட்டினவன்ரை பிழை." வடையைப் பிய்த்து வாயில் போட்டார். மென்றார். "வடைக்கு நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்தும் தம்பி."

அபிராவின் அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு ஏப்பம் போல வெளியே வந்தது. நான் மொட்டைச் செம்பைக் கொண்டுபோனேன். பெரியப்பா இரண்டாவது தம்ளரை வாழைக்காய்ப் பொரியலோடும் மூன்றாவதைச் சொதியோடும் முடித்தார். பவளக்கா முதலே வைத்த கத்தரிக்காய்க் குழம்பைத் தொடவில்லை. குசினிக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

பிறகு திடீரென்று எழும்பினார். செருப்பைத் தேடும் கால் மறுபடி தொடங்கியது. பெரியப்பா நேரே கைகழுவும் இடத்துக்குப் போய், கையைக் கழுவித் துடைத்து, மடியிலிருந்து விபூதிச் சிமிழை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். அபிராவுக்குப் பூசினார். லூக்குக்குப் பூசினார். லூக்கின் தகப்பனும் குனிந்து நின்றதைக் கண்டு, சற்று யோசித்து, அவருக்கும் பூசினார். அபிரா அழுதாள். குசினிக்குள் பவளக்காவும் அழுதார், ஆனால் குழம்புக்காக என்றுதான் நினைக்கிறேன்.

போகும்போது பெரியப்பா என் பக்கம் வந்தார்.

"தம்பி, பூச்சுத்தின செம்பிலை இருந்தது நல்ல கருப்பணி. மிச்சத்தை நீர் வீட்டை கொண்டு போம்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு ஓம் ஐயா என்றேன். அவருக்கு இரண்டு செம்பும் எப்போது தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. இப்போதும் தெரியாது.

மறுநாள் மத்தியானம் ஒரு ஓட்டோ வந்து நின்றது. பெரியப்பா. கையில் ஒரு பனையோலைப் பெட்டி, அது நிறையத் தன் பந்தலின் முந்திரிகைக் குலைகள். லூக்கின் தகப்பனிடம் காட்ட வந்தாராம். இருவரும் ஒரு வார்த்தை பொதுவாக இல்லாமல், பழத்தைப் பிதுக்கியும் விதையைக் கடித்துத் துப்பியும் பந்தலின் உயரத்தைக் கையால் காட்டியும் வெகுநேரம் கதைத்தார்கள். பிறகு பெரியப்பா குசினிப் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை பவளம், உந்தப் பின்பக்கச் சாக்குக்குக் கீழை ஏதோ அசையுது. நேற்றும் கண்டனான்."

"நண்டு, ஐயா."

"இண்டைக்கு என்ன கிழமை?"

"சனி, ஐயா."

"எனக்குச் சனிவிரதம் இல்லை" என்றார்.

நண்டுகளின் ஆயுள் அத்துடன் முடிந்தது. பவளக்கா உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, தேசிக்காய் பிழிந்து வைத்தார். தூள் போட்ட குழம்பு ஒன்றையும் தன் மானத்துக்காகப் பக்கத்தில் வைத்தார். வைன் கடைசியில் தன் சோடியைச் சேர்ந்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்து, நான் போத்தலையும் கண்ணாடிக் கிளாசுகளையும் துடைத்து மேசைக்குக் கொண்டுபோனேன். பெரியப்பா முன்னால் ஒரு கிளாசை வைத்தேன்.

அவர் கிளாசைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி, செம்பு உடைஞ்சு போச்சோ?"

பித்தளைச் செம்பு எப்படி உடையும். ஆனால் நான் பிழை செய்துவிட்டேன் என்று விளங்கிவிட்டது. ஒருவர் எல்லோருக்கும் இடம் விட்டுத் தான் நிற்க ஒரு சின்ன இடம் வைத்திருக்கிறார். அந்த இடத்தை நீங்கள் வெளிச்சம் போட்டுக் காட்டக் கூடாது, தம்பி தங்கைமாரே. நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரிந்திருந்தாலும் காட்டக் கூடாது.

கிளாசையும் போத்தலையும் எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். வைனைச் செம்பில் விட்டுக் கொண்டு வந்தேன். மல்லிகைச் சரமும் சுற்றினேன்.